வெளிமூச்சு மட்டும்

கோயம்புத்தூரில் ஆவாரம்பாளையத்துக்குப் பின்புறம், லேத் பட்டறைகளுக்கும் வார்ப்படச் சாலைகளுக்கும் நடுவில், பம்புத் தெரு என்று ஒரு தெரு இருந்தது. அங்கே பாதிப் பேர் பம்பு செய்தார்கள், மீதிப் பேர் பம்புக்கு வேண்டிய ஏதோ ஒன்றைச் செய்தார்கள், எதுவும் செய்யாதவர்கள் செய்கிறவர்களைக் கட்டிக்கொண்டவர்களாக இருந்தார்கள், அதனால் அந்தத் தெருவுக்குள் எந்த வால்வு வந்தாலும் அதைப் பொருத்துவதற்கு முன்னால் வாயில் வைத்து ஊதிப் பார்ப்பது என்பது, புதுச் சட்டைக்கு மஞ்சள் வைப்பது போல, யாரும் சொல்லித்தராமலே எல்லோரும் செய்கிற காரியமாக இருந்தது. ஒரு பக்கம் ஊதினால் காற்றுப் போக வேண்டும், மறுபக்கம் ஊதினால் கன்னம் உப்ப வேண்டும். அவ்வளவுதான் சோதனை.

கோகிலவாணி ஒரு பம்பு கம்பெனியின் சோதனைப் பிரிவில் இருந்தாள். அவள் கணவன் பரமேசுவரன் வீட்டு முன்னறையில் இட்லி மாவு அரைத்து விற்றான். அவன் எந்த வாக்கியத்தையும் முடித்து யாரும் கேட்டதில்லை. "நாளைக்கு உளுந்து…" என்பான், மீதியைக் கேட்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மாவுக் கிரைண்டருக்குப் பக்கத்தில் ஒரு பச்சை நிற ரேஸ் பைக் நின்றது. யாரோ ஒருவர் ஓட்டிக் கீழே போட்டு, பயந்து, கைமாற்றிவிட்ட வண்டி. செட்டிபாளையத்துப் பந்தயத் தடத்தில் புதுசாக ஓட்டும் பெண்களுக்கென்று வருஷத்துக்கு ஒரு பந்தயம் நடக்கும். போன வருஷம் மழை வந்து பந்தயம் நின்றது, அதற்கு முந்தின வருஷம் கோகிலவாணிக்கு அம்மை வந்தது, இந்த வருஷம் எது வந்தாலும் ஓட்டியே தீருவது என்று அவள் நம்பர் பிளேட்டைக் கழற்றி, கண்ணாடிகளைக் கழற்றி, வண்டியை ரோட்டுக்கு ஆகாததாக்கிவிட்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வண்டியைத் தெருவில் இறக்கிவைத்து மிச்ச வேலையைத் தொடங்கினாள். ரோட்டு வண்டியில் புகையைச் சுத்தம் செய்ய ஒரு குழாய் உண்டு. அது நல்ல காற்றைச் சைலன்சர் பக்கம் அனுப்பி, பாதி எரிந்து வந்ததை மீதியும் எரிய வைக்கும். பந்தயத்துக்கு அது வெறும் சுமை. அதைக் கழற்றி, இருந்த ஓட்டையை அலுமினியத் தகடு வெட்டி மூடினாள். கழற்றியதற்குள் ஒரு ரீடு வால்வு இருந்தது, தீப்பெட்டி அளவு, உள்ளே மெல்லிய எஃகு நாக்கு. இன்னொரு பக்கம், பிஸ்டன் இறங்கும்போதெல்லாம் எஞ்சினின் அடிவயிற்றில் அழுந்துகிற காற்று, எண்ணெய் ஆவியோடு ஒரு ரப்பர் குழாய் வழியாக எஞ்சின் காற்று இழுக்கிற ஏர் பாக்ஸுக்கே திரும்பப் போய்க்கொண்டிருந்தது. எஞ்சின் தான் விட்ட மூச்சைத் தானே இழுத்துக்கொண்டிருந்தது. அந்தக் குழாயை ஏர் பாக்ஸிலிருந்து உருவி, இந்த வால்வை அதன் வாயில் மாட்டிவிட்டால், காற்று வெளியே போகும், உள்ளே திரும்பாது, பிஸ்டனுக்கு அடியில் தடை குறையும்.

"என்ன அம்மிணி அது, வெத்தல டப்பாவாட்டம்?" என்றாள் எதிர்வீட்டு ருக்குமணியக்கா.

"வால்வுங்க்கா. வெளிய உடும், உள்ள உடாது."

"எங்க ஊட்டுக்காரரு காதாட்டம்னு சொல்லு. எல்லாம் வெளிய போயிரும், ஒண்ணும் உள்ள தங்காது."

கோகிலவாணி வால்வை முந்தானையில் துடைத்து ஊதிப் பார்த்தாள். உடனே ருக்குமணியக்கா கை நீட்டினாள். அவள் ஊதிவிட்டு அவள் வீட்டுக்காரரிடம் கொடுத்தாள், அவர் தெருச் சங்கத் தலைவர் நாச்சிமுத்துவிடம் கொடுத்தார், நாச்சிமுத்து இரண்டு பக்கமும் ஊதி "டைட்டாத்தான் இருக்குது" என்று தீர்ப்புச் சொல்லி, கபடி விளையாடிவிட்டுப் புழுதியோடு வந்துகொண்டிருந்த மயில்சாமியிடம் கொடுத்தார், அப்படியே அது கைமாறிக் கைமாறி, வாய்மாறி வாய்மாறி, தெரு முனை வரைக்கும் போய், தெருவில் இருந்த எல்லோருடைய மூச்சும் ஒரு தரம் உள்ளே போய் வெளியே வந்த பிறகு, கடைசியாகப் பரமேசுவரன் ஊதி, "இது நல்லா…" என்று சொல்லி, மனைவியிடம் திருப்பிக் கொடுத்தான். அவள் மாட்டினாள். கிளிப்பை இறுக்கினாள். வண்டியை ஸ்டார்ட் செய்தாள்.

ருக்குமணியக்கா அப்போது தன் வீட்டு மொட்டைமாடித் தொட்டி ஒழுகுவதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்திருந்தாள், தொட்டியிலிருந்து பிளம்பருக்குப் போனாள், பிளம்பரிலிருந்து பிளம்பரின் மச்சானுக்கு, மச்சான் கட்டிக்கொண்ட பெண்ணின் ஊருக்கு, அந்த ஊர்க் கோயில் நோம்பியில் தனக்குக் காணாமல்போன செருப்புக்கு, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்த வரையில் அவள் ஒரு தடவைகூட மூச்சை உள்ளே இழுக்கவில்லை. கோகிலவாணி சாவியைத் திருப்பினாள். ருக்குமணியக்கா நின்றாள், ஒரு மூச்சு இழுத்தாள், "அப்பறம் என்னாச்சுன்னா" என்றாள்.

மறுபடி ஸ்டார்ட் செய்து பார்த்தார்கள். எல்லோருக்கும் அப்படித்தான் இருந்தது. வண்டி ஓடுகிறவரை விட்டுக்கொண்டே இருக்கலாம், இழுக்க வேண்டியதில்லை.

யாரும் டாக்டரிடம் போகவில்லை. காற்று எங்கிருந்து வருகிறது என்று ஒருவர் கேட்டதற்கு, கிணற்றில் தண்ணீர் எங்கிருந்து ஊறுகிறது என்று எந்த பம்பாவது கேட்டதுண்டா என்றார் நாச்சிமுத்து. "பம்புக்கு மொதல்ல தண்ணி ஊத்தி உடறாப்பல, ஊதி ஊதி பிரைமிங் ஆயிருச்சு. இனி அதுபாட்டுக்கு வரும்." அதோடு விஷயம் முடிந்தது. பம்பு தெரிந்தவர்களுக்கு அதில் விளங்காதது ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு பம்புத் தெருவில் பிறந்தநாளுக்குப் பலூன் ஊத ஆள் தேடவில்லை. மாரியம்மன் கோயிலில் போற்றி சொல்கிறவர்கள் வண்டியைக் கோயில் வாசலில் நிறுத்தச் சொல்லி, தொடங்கியதிலிருந்து முடிக்கிற வரை ஒரே மூச்சில் சொல்லி இறக்கினார்கள். ருக்குமணியக்காவும் அவள் ஓரகத்தியும் சண்டை போட்டால், முன்பெல்லாம் ஒருத்தி மூச்சு வாங்குகிற இடத்தில் இன்னொருத்தி நுழைந்துகொள்வாள். இப்போது நுழைய இடமே இல்லாமல் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்து, ஒரே நேரத்தில் ஓடி, ஒருத்தி சொன்னது ஒருத்திக்குக் கேட்காமலே, இரண்டு பேருக்கும் மனசு லேசாகி வீட்டுக்குப் போனார்கள். நிற்கிற வண்டியில் எஞ்சின் சூடேறும் என்பதால் வீட்டுக்கு வீடு மின்விசிறியைக் கொண்டுவந்து ரேடியேட்டருக்கு முன்னால் வைத்தார்கள். குடிதண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒரு தரம் கோகிலவாணி ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கினாள். தெருவில் எல்லோருடைய பேச்சும் வேகம் பிடித்து, நாச்சிமுத்து தன் மகனைத் திட்டத் தொடங்கிய திட்டு அவன் நிமிர்ந்து பார்ப்பதற்குள் முடிந்துபோயிற்று. அன்றைக்கே சங்கத்தில் சொல்லிவிட்டார்கள்: வண்டியை முறுக்கக் கூடாது, ஐடிலில் மட்டும் ஓட வேண்டும்.

மயில்சாமிக்குத்தான் எல்லோரையும்விட ஆதாயம். பக்கத்து ஊர்களில் நடக்கிற கபடிப் பந்தயங்களில் இன்னும் பழைய ஆட்டம்தான், கடிகாரம் கிடையாது, மூச்சுதான் கணக்கு; பாடிப் போகிறவன் பாட்டை விடாமல் நடுக்கோட்டுக்குத் திரும்பிவிட்டால் உயிர், நடுவில் மூச்சு இழுத்தால் அவுட். பம்புத் தெரு அணி எங்கே ஆடப் போனாலும் வண்டியைச் சரக்கு ஆட்டோவில் ஏற்றிக் கூடவே கொண்டுபோனார்கள், மைதானத்து ஓரத்தில் நிறுத்தி ஓடவிட்டார்கள், மயில்சாமி எதிராளிகளுக்கு நடுவில் போய் நின்று கபடி கபடி என்று அவர்களுக்குச் சலித்துப்போகும் வரை பாடினான். இதில் தப்பு உண்டா என்று ஒரு நடுவர் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். மைதானத்து ஓரத்தில் வண்டி ஓடக் கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

இப்படியாக, வேகத்துக்கென்று வேலை பார்த்த வண்டி நிற்கிற வண்டியாக ஆயிற்று. செட்டிபாளையத்தில் ஓட்டிப் பழகுவதற்கென்று விட்ட ஒவ்வொரு சனிக்கிழமையும் அதற்குத் தெருவில் ஏதாவது ஒரு வேலை இருந்தது. கோகிலவாணி மாலையில் அதன் மேல் ஏறி உட்கார்ந்து, எஞ்சினை ஓடவிடாமல், இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்திச் சாய்ந்து பார்த்துக்கொண்டாள்.

பந்தயத் தேதி வந்தது. அதே ஞாயிறு, அதே மத்தியானம், வேலப்பன்பாளையத்தில் கபடி இறுதி ஆட்டம்.

மாவுக் கடைக்கு முன்னால் தெருவே கூடியது.

"ரேஸு அடுத்த வருசமும் வரும் அம்மிணி," என்றார் நாச்சிமுத்து.

"பைனலும் வருமில்லைங்ணா?"

"நாங்க இதுவரைக்கும் பைனல் போனதே இல்லியே."

"நானும் இதுவரைக்கும் ஓட்டுனதே இல்லீங்களே."

"அக்கா," என்றான் மயில்சாமி, "நீங்க இல்லாட்டி நான் பாடிருவேன், வண்டி இல்லாட்டி எப்படிக்கா பாடறது?" சொல்லிவிட்டு, சொன்னது தப்பாக விழுந்ததென்று தெரிந்து தலையைச் சொறிந்தான்.

"என்ற வண்டி ஓடணும்னுதான் நான் இதப் பண்ணுனேன்," என்றாள் கோகிலவாணி. "நிக்கறதுக்கு இல்ல."

 யாரும் விட்டுக்கொடுக்கிற மாதிரி இல்லை. அப்போது மாவுச் சட்டிக்குப் பின்னாலிருந்து பரமேசுவரன் எழுந்து, "இல்லைங்ணா, நான் என்ன சொல்றேன்னா…" என்று ஆரம்பித்து, வழக்கம்போல நின்றான். கோகிலவாணி அவனைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி வண்டியை ஸ்டார்ட் செய்தாள்.

"நான் என்ன சொல்றேன்னா," என்றான் பரமேசுவரன், "இந்த வண்டி வரும்போது கீழ உழுந்து ஒரு பக்கம் தேஞ்ச வண்டிங், நான் மாவுச் சட்டி கழுவற நேரத்துல இவ கார்பன் கழுவீட்டு இருப்பா, ரெண்டு பேரும் ஒரே கொழாய்ல கை கழுவுவோம், என்ற தண்ணி வெள்ளையாப் போகும் இவ தண்ணி கறுப்பாப் போகும், அப்பெல்லாம் இவளுக்கு அந்தத் தடத்தப் பத்தின பேச்சுத்தான், மொதத் திருப்பத்துல ரெண்டு கியர் கொறைக்கோணும், அப்பறம் ஒரு நீட்டம், அப்பறம் கொண்டை ஊசி, அங்க மொதக் கியருக்கே வந்துரோணும், வெளிய வரும்போது அவசரப்பட்டு முறுக்குனா பின்சக்கரம் வழுக்கும், அப்பறம் கடைசி நீட்டம்னு சொல்லிச் சொல்லி, அந்தத் தடத்துல என்னையக் கண்ணக் கட்டி உட்டாலும் எங்க திரும்போணும்னு எனக்குத் தெரியுங், ஆனா இவ இன்னும் ஒரு தரங்கூட அங்க ஓட்டல, ஓட்டாமயே தூக்கத்துல எடப்பக்கம் சாயறா, நான் சுவத்துக்கும் இவளுக்கும் நடுவுல படுத்து நசுங்கறேன், நம்ம எல்லாருக்கும் மூச்சு வந்தது இவ வால்வுலதான், கோயலுக்கு நின்னுது, கொழந்தைக பொறந்தநாளுக்கு நின்னுது, மயில்சாமிக்கு நின்னுது, யாரு ஊட்டுல என்னன்னாலும் விசிறிக் காத்து வாங்கீட்டு நின்னுது, நின்னது போதுங், ஒரு நாளைக்கு அது ஓடட்டும்."

கோகிலவாணி சாவியைத் திருப்பினாள். தெரு மூச்சு இழுத்தது. பரமேசுவரன் தான் பேசியதைத் தானே கேட்டவன்போல மாவுச் சட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான்.

"அவன்கிட்ட இத்தன இருந்துச்சா!" என்றாள் ருக்குமணியக்கா. "அம்மிணி, நானும் உங்கூட வர்றேன். தண்ணி பாட்டில் புடிக்க ஒரு ஆளு வேண்டாமா?"

நாச்சிமுத்து மீசையைத் தடவினார். "சரி, வண்டி போகட்டும். ஆனா பரமு, மைதானத்துல வண்டி நிக்கற எடத்துல அன்னைக்கு நீ நிக்கோணும். எடம் காலியா இருந்தா பசங்களுக்கு மனசு உட்டுப்போயிரும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோகிலவாணி ஒரு காலி நல்லெண்ணெய்ப் பாட்டிலை வால்வுக்கு அடியில் கட்டினாள். தடத்தில் எண்ணெய் சொட்டக் கூடாது, பாட்டில் இல்லாத வண்டியை உள்ளே விடமாட்டார்கள். வண்டியை ஏற்றிய சரக்கு ஆட்டோ தெற்கே செட்டிபாளையத்துக்குப் போயிற்று. தெரு வடக்கே வேலப்பன்பாளையத்துக்குப் போயிற்று.

அன்று ஆட்டம் ஆட்டமாகவே இல்லை. சொந்த மூச்சில் பாடி எத்தனையோ நாளாகியிருந்தது. மயில்சாமி போகிறதும், எதிராளியைத் தொடுவதற்கு முன்னால் கண் பிதுங்கித் திரும்பி ஓடி வருகிறதுமாக இருந்தான். "என்னடா, சைக்கிளுக்குக் காத்தடிக்கறயா?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான். பரமேசுவரன் மைதானத்து ஓரத்தில், எண்ணெய்க் கறைக்கு ஆகும் என்று அவர்கள் எப்போதும் விரிக்கிற சாக்கின் மேல், வண்டி நிற்கிற மாதிரியே பக்கவாட்டில் நின்றான்.

கடைசிப் பாட்டுக்கு மயில்சாமி போனான். இருவரைத் தொட்டான். திரும்பும்போது ஒருவன் கணுக்காலைப் பிடித்தான், மயில்சாமி விழுந்தான், மேலே இன்னொருவன் விழுந்தான், அவன்மேல் மற்றவர்கள் எல்லாரும் விழுந்தார்கள். மயில்சாமியின் விரல் நடுக்கோட்டுச் சுண்ணாம்புக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. பாட்டு தேய்ந்தது. கபடி, கபடி, கப, க.

அந்த இடத்தில் அவனுக்குக் காற்று வந்தது.

மெல்ல வந்தது, ஐடிலில் வருவதைப் போல, கபடி, கபடி என்று. நடுவர் மண்டியிட்டு அவன் வாயருகே காதை வைத்தார். வண்டி பக்கத்தில் இருந்தால்தான் காற்று என்று அத்தனை நாளும் நினைத்திருந்தார்கள். வண்டி அவர்களைவிட்டு எங்கேயும் போனதில்லை என்பதால் அதைச் சோதித்துப் பார்க்க வழியில்லாமல் இருந்தது. பிறகு பாட்டு வேகமெடுத்தது, கபடிகபடிகபடி என்று எகிறி, ஒரு நொடி தட்டி, மறுபடி எகிறி, மறுபடி தட்டி, ஆட்களுக்கு அடியிலிருந்து மயில்சாமியின் குரல் மெஷின்போல உறுமியது.

"கெளம்பீட்டா," என்றான் பரமேசுவரன்.

"யாரு?"

"கோகிலா. இப்ப மூணாவது கியரு. இப்ப நாலு." பாட்டு சட்டென்று இறங்கி இரண்டு தரம் துள்ளியது. "ரெண்டு கொறைச்சுட்டா. மொதத் திருப்பம்."

நாச்சிமுத்து கிட்ட வந்தார். பெஞ்சில் இருந்த ஆட்கள் வந்தார்கள். எதிரணியின் ஆட்களும் வந்தார்கள். பாட்டு நீட்டத்தில் ஒரே ஸ்வரமாக ஓடி, கொண்டை ஊசியில் முதல் கியருக்கு வந்து குழைந்து, மறுபடி எழுந்தது, பரமேசுவரன் சாக்கைவிட்டு நகராமல் இடுப்பை இடமும் வலமும் சாய்த்துச் சாய்த்து அவளோடு போய்க்கொண்டிருந்தான், சுற்று மேல் சுற்று, ஆட்டத்தை யாரும் பார்க்கவில்லை, பார்க்க ஆட்டம் என்று ஒரு குவியல்தான் இருந்தது, குவியலில் கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தவன் தலையைத் தூக்கி, "இப்ப எங்கீங்க இருக்காங்க?" என்று கேட்டான்.

"கொண்டை ஊசிக்கு வந்துட்டா. அடுத்தது கடைசிச் சுத்துங்."

பாட்டு இறங்கியது. முதல் கியர். குழைந்தது. பிறகு அவசரமாக, மிக அவசரமாக எகிறி, கப என்று நடுவில் அறுந்தது.

மயில்சாமி வாயைத் திறந்து காற்றை இழுத்தான். நடுவர் விசிலடித்தார். அவுட். ஆட்டம் முடிந்தது, கோப்பை போயிற்று. வேலப்பன்பாளையத்துக்காரர்கள் யாரும் குதிக்கவில்லை. எல்லோரும் பரமேசுவரனைப் பார்த்தார்கள்.

"முறுக்கீட்டா," என்றான் அவன். "சொல்லீட்டே இருப்பா, அங்க அவசரப்படக் கூடாதுன்னு. அவளே…"

மைதானத்துக்கு அப்பால் சோளக்காட்டில் காற்று இல்லை. பரமேசுவரன் சாக்கின் மேலேயே நின்றான். அங்கே நிற்பதாகச் சொல்லியிருந்தான், வேறு எங்கே நிற்பதென்றும் அவனுக்குத் தெரியவில்லை. மயில்சாமி கிடந்த இடத்திலேயே கிடந்தான், உதட்டை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு, குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுக் காத்திருக்கிறவனைப் போல.

க, என்றான். நின்றான். க. நின்றான்.

"ஸ்டார்ட்டர் அமுக்கறா," என்றார் நாச்சிமுத்து.

க. கப. கபடி. கபடி, கபடி.

நடுவர் குனிந்து அவன் தோளைத் தொட்டார். "தம்பி, நீ அவுட்டு. ஆட்டம் முடிஞ்சு போச்சு. இன்னும் எதுக்குப் பாடற?"

"சும்மா இருங்க," என்றார் நாச்சிமுத்து. "அவ இன்னும் ஓட்டீட்டு இருக்கா."

அந்தக் கடைசிச் சுற்றை மயில்சாமி மட்டும் பாடவில்லை. காற்று எல்லோருக்கும்தான் வந்தது. நாச்சிமுத்து பாடினார், ருக்குமணியக்காவின் வீட்டுக்காரர் பாடினார், மாவு வாங்க வருகிறவர்களும் பலூன் ஊதுகிறவர்களும் போற்றி சொல்கிறவர்களும் பாடினார்கள், வளைந்த ஹேண்டில்பாரோடு பாதி வேகத்தில் போகிற வண்டியின் பாட்டை, முதல் திருப்பத்தில் இரண்டு குறைத்து, நீட்டத்தில் கொஞ்சம் தைரியம் வந்து, கொண்டை ஊசியில் மிகவும் மெதுவாக, மிகவும் பொறுமையாக, வெளியே வந்த பிறகும் அவசரப்படாமல், அப்புறம் கடைசி நீட்டத்தில் இருக்கிறதை எல்லாம் முறுக்கி, கபடிகபடிகபடி என்று, மற்ற வண்டிகள் எல்லாம் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்ட கோட்டை நோக்கி. கோட்டைத் தாண்டியதும் பாட்டு ஒரு தரம் துள்ளியது. பிறகு ஐடில். பிறகு ஒன்றுமில்லை.

பம்புத் தெரு மொத்தமும் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்தது. சட்டைகள் நெஞ்சோடு ஒட்டின, கம்பத்துக் கொடி மைதானத்துப் பக்கம் திரும்பியது, நடுக்கோட்டுச் சுண்ணாம்பு தரையைவிட்டு எழும்பி, ஒரு சாண் தூரம் நகர்ந்து, மயில்சாமியின் விரல் நுனியில் வந்து படிந்தது. நடுவர் அதைப் பார்த்தார். விசிலை எடுத்தார், யோசித்தார், சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பரமேசுவரன் அப்போதுதான் சாக்கைவிட்டு இறங்கினான்.

"இப்ப ஹெல்மெட்டக் கழட்டிட்டு ருக்குமணியக்காகிட்டத் தண்ணி கேப்பா," என்றான், முழுசாக, எந்த வண்டியும் ஓடாமல்.